வீட்டுக் கலையகம்: வன்பொருளுக்கு எவ்வளவு, மென்பொருளுக்கு எவ்வளவு?

ஒரு பாடலை ஒலிப்பதிவு செய்வதென்றால் கொழும்புக்குப் பயணப்பட வேண்டும், வசதியுள்ளவராயின் கடல் கடந்து சென்னைக்குச் செல்ல வேண்டும் என்றிருந்த காலம் ஒன்றிருந்தது. இன்று அந்நிலை பெருமளவு மாறிவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தலைநகரின் நெருக்கமான மாடிக் குடியிருப்புகளிலும், பத்தடிக்குப் பத்தடி அறையொன்றில் ஒரு கணினியையும் ஓர் ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு பாடல் அமைக்கும் இளைஞர், யுவதிகளைக் காண முடிகின்றது. பாடசாலைக் கீதம், ஆலயத் திருவிழாவுக்கான பக்திப் பாடல், நோன்பு காலத்தில் வெளியாகும் இஸ்லாமிய கீதம், குறுந்திரைப்படத்துக்கான பின்னணி இசை எனப் பலவும் இத்தகைய அறைகளிலிருந்தே வெளிவருகின்றன.

இவ்வறைகளை அமைப்போர் யாவரும் விரைவிலேயே ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர். கையில் இருக்கும் பணத்தை, தொட்டு வாசிக்கக்கூடிய சிந்தசைசர் எனும் வன்பொருள் வாத்தியத்தில் இடுவதா? அல்லது அதே ஒலிகளைக் கணினிக்குள்ளேயே உருவாக்கும் மென்பொருளை நம்புவதா? இது இசை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு விவாதம் போலத் தோன்றலாம். ஆயினும், கடன்பட்டும் நகையை அடகு வைத்தும் கருவி வாங்கும் குடும்பங்கள் உள்ள ஒரு நாட்டில் அது வெறும் இரசனை சார்ந்த விடயமன்று.

கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த இரு நண்பர்களை எமக்குத் தெரியும். ஒருவர் மட்டக்களப்பு நகரைச் சேர்ந்தவர். மற்றவர் காத்தான்குடியைச் சேர்ந்தவர். முன்னவர் தமது தாயாரின் சங்கிலியை அடகு வைத்து, 1980களைச் சேர்ந்த சிந்தசைசர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். மூன்று வருடங்களாக அதில் உருவாக்கிச் சேமித்திருந்த ஒலிகள் அனைத்தும் ஒரு நாள் காலையில் மறைந்துபோயிருந்தன. கருவிக்குள் இருந்த சிறிய மின்கலத்தின் ஆயுள் முடிந்துவிட்டதே காரணம். அதனை மாற்றித்தரத் தெரிந்தவரைத் தேடி அவர் பல மாதங்கள் அலைய நேர்ந்தது.

பின்னவர் மென்பொருளை மட்டுமே நம்பியவர். தமது வாப்பா பாடிய கீதம் ஒன்றை வீட்டிலேயே பதிவு செய்து, பின்னணி இசையை முழுமையாகக் கணினிக்குள் அமைத்திருந்தார். தந்தை காலமான பின்னர், அப்பாடலைச் செம்மைப்படுத்தி உறவினர்களுக்கு வழங்க விரும்பித் தமது புதிய கணினியில் அதனைத் திறந்தபோது, வாத்திய ஒலிகளில் ஒன்றேனும் ஒலிக்கவில்லை. அவர் பயன்படுத்திய மென்பொருள் வாத்தியங்கள் புதிய இயங்குதளத்தில் இயங்க மறுத்தன. குரல் மட்டுமே எஞ்சியிருந்தது.

இவ்விருவரின் அனுபவமும் ஒரே பாடத்தையே இரு பக்கங்களிலிருந்து உணர்த்துகின்றது. அதனை விளங்கிக்கொள்ள இக்கருவிகளின் வரலாற்றைச் சற்று நோக்குவது அவசியமாகும்.

மின்சாரத்திலிருந்து பிறந்த ஒலி

வீணையில் தந்தி அதிர்கின்றது. நாதஸ்வரத்தில் சீவாளியும் காற்றும் அதிர்கின்றன. சிந்தசைசரில் அதிர்வது மின்சாரம். அலையியற்றி எனப்படும் மின்சுற்று ஓர் அலையைத் தோற்றுவிக்கின்றது. அந்த அலையின் கூர்மையான பகுதிகளை வடிகட்டி ஒன்று சீவிக் குறைக்கின்றது. ஒலி எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிலைக்க வேண்டும், எவ்வாறு அடங்க வேண்டும் என்பதை மற்றொரு சுற்று தீர்மானிக்கின்றது. இம்மூன்றையும் மாற்றி மாற்றி அமைப்பதன் மூலம் எண்ணற்ற ஒலிகளைப் பெற முடியும் என்பதே இக்கருவியின் அடிப்படைத் தத்துவம்.

அமெரிக்கப் பொறியியலாளரான ரொபேர்ட் மூக், ஹேர்பேர்ட் டொய்ச் என்ற இசையமைப்பாளரின் ஒத்துழைப்புடன் 1964இல் தமது சிந்தசைசரின் முதல் வடிவத்தை உருவாக்கினார். அது ஒரு தடவையில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்க வல்லது. ஆகவே 1968இல் வெளியான வெண்டி கார்லோஸின் இசைத்தட்டில், பாக்கின் படைப்புகள் ஒவ்வொரு குரலாகத் தனித்தனியே வாசிக்கப்பட்டு ஒலிநாடாவில் அடுக்கப்பட்டன. பொறுமையும் உழைப்பும் மிக்க அந்த இசைத்தட்டே இக்கருவியை உலகறியச் செய்தது. 1970இல் வெளிவந்த மினிமூக், அறை ஒன்றை அடைத்து நின்ற இயந்திரத்தை மேசை மீது வைத்து வாசிக்கும் வாத்தியமாக மாற்றியது.

1983இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட டி.எக்ஸ்-7 மற்றொரு திருப்பமாகும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இல் கண்டறிந்த முறையொன்று அதன் அடிப்படையாக அமைந்தது. ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையைக் கொண்டு வேகமாக அசைக்கும்போது மணியோசை போன்ற, உலோகத் தன்மை கொண்ட செழிப்பான ஒலிகள் பிறக்கும் என்பதே அவரது கண்டுபிடிப்பு. டி.எக்ஸ்-7 ஒரே நேரத்தில் 16 சுரங்களை ஒலித்தது. அமெரிக்காவில் அதன் விலை 1,995 டொலராகும். அதுவரை செல்வந்தக் கலையகங்களுக்கே உரித்தாயிருந்த ஒலிகளை நடுத்தர வருமானமுள்ள இசைக் கலைஞரும் பெற அது வழிசெய்தது.

எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழி

அதே 1983ஆம் ஆண்டில் நிகழ்ந்த பிறிதொரு மாற்றம் இதனிலும் முக்கியமானது. அதுவரை ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியுடன் இலகுவில் இணையாது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுடாரோ ககேஹாஷியும் முன்னின்று முயன்றதன் பயனாக, மிடி எனப்படும் பொது நியமம் உருவானது. போட்டியாளர்களான இரு நிறுவனங்களின் வாத்தியங்கள் 1983 ஜனவரியில் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டு, ஒன்றில் வாசித்தது மற்றொன்றில் ஒலித்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், அவ்விருவருக்கும் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

மிடியைப் பற்றிப் பரவலான தவறான எண்ணம் ஒன்று உண்டு. அது ஒலியைக் கடத்துவதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தத்துடன், எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற குறிப்பை மட்டுமே அது கடத்துகின்றது. பாடலின் சுரக்குறிப்புத் தாளைப் போன்றது அது. தாளைக் கொடுத்தால் யார் வாசிக்கிறாரோ அவரது வாத்தியத்தின் ஒலிதான் கேட்கும். ஆகவே ஒரு தடவை பதிவு செய்த மிடிக் குறிப்பை இன்று மென்பொருளுக்கு அனுப்பலாம். நாளை அதனையே வன்பொருளுக்கும் அனுப்பலாம். வன்பொருளும் மென்பொருளும் எதிரிகளல்ல என்பதற்கு இதுவே அடிப்படைச் சான்று. 2020இல் இந்நியமத்தின் இரண்டாம் பதிப்பு ஏற்கப்பட்டபோதிலும், முதற்பதிப்பு இன்னமும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளமை குறிப்பிடத்தக்கது.

தமிழ்த் திரையிசையிலும் இம்மாற்றத்தின் தடங்களைக் காணலாம். 1986இல் வெளிவந்த புன்னகை மன்னன் திரைப்படத்தில் இளையராஜா கணினி வழி இசைக்கோப்பைப் பயன்படுத்தியமை அந்நாளில் புதுமையாகப் பேசப்பட்டது. ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் சென்னையில் தமது வீட்டோடு இணைந்ததாக அமைத்த பஞ்சதன் ரெக்கோர்ட் இன், வீட்டுக் கலையகம் ஒன்றின் மிகச் சிறந்த தமிழ் உதாரணமாகும். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரது குடும்பம், தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்தது என்பது பலரும் அறிந்ததே. அவ்வீட்டுக் கலையகத்தில் உருவான இசையுடன் 1992இல் ரோஜா வெளியானது. அதற்காகத் தேசிய விருதும் அவரைத் தேடி வந்தது.

கணினிக்குள் புகுந்த வாத்தியங்கள்

1996இல் ஜேர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம், தனது கியூபேஸ் மென்பொருளுடன் வி.எஸ்.ரி. எனப்படும் முறையை அறிமுகப்படுத்தியது. ஒருவர் எழுதிய ஒலி மென்பொருளை இன்னொருவரின் பதிவு மென்பொருளுக்குள் பொருத்தி இயக்குவதற்கான பொது வாசலாக அது அமைந்தது. 1997இல் சுவீடனிலிருந்து வந்த ரீபேர்த் என்னும் மென்பொருள், ரோலண்டின் பழைய தாள இயந்திரங்களைக் கணினித் திரையில் மீளுயிர்ப்பித்தது. அதன் பின்னர் மினிமூக், டி.எக்ஸ்-7 என ஏறக்குறைய ஒவ்வொரு புகழ்பெற்ற வாத்தியத்துக்கும் மென்பொருள் வடிவம் தோன்றியது. டி.எக்ஸ்-7இன் ஒலியை ஒத்த டெக்ஸ்ட் என்ற மென்பொருளை இன்று எவரும் இலவசமாகவே பெற்றுக்கொள்ளலாம். ஒரு காலத்தில் 1,995 டொலர் கொடுத்து வாங்கப்பட்ட ஒலி இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மென்பொருள் வழி இசை தரத்தில் குறைந்தது என்ற வாதம் இன்று நிலைக்காது. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதலாவது முழு இசைத்தொகுப்பு, லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள அவர்களது வீட்டின் படுக்கையறையில் அவரது சகோதரர் ஃபினியஸினால் பெருமளவில் கணினி கொண்டே உருவாக்கப்பட்டது. 2019இல் வெளியான அத்தொகுப்பு 2020இல் கிராமியின் பிரதான விருதுகளை வென்றது.

மறுபுறத்தில், 'வன்பொருள்' என நாம் அழைக்கும் பலவும் உண்மையில் பெட்டிக்குள் வைக்கப்பட்ட மென்பொருளே. கோர்க் நிறுவனம் 2011இல் வெளியிட்ட குரோனோஸ் என்ற உயர்தர விசைப்பலகைக்குள் இயங்கியது, சாதாரண கணினிகளில் காணப்படுவது போன்ற இன்டெல் செயலியும் லினக்ஸ் இயங்குதளமுமே. ஆகவே, 'உண்மையான' ஒலி, 'போலி' ஒலி என்ற பிரிப்பைக் கொண்டு பணம் செலவிடத் தீர்மானிப்பது பொருத்தமன்று. ஒவ்வொன்றும் வேலை செய்யும் முறையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

ஒவ்வொன்றின் பலமும் பலவீனமும்

வன்பொருள் வாத்தியத்தின் முதன்மையான பலம், அது கைக்கு எட்டுவது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திருகு இருக்கின்றது. ஒரு கையால் சுரத்தை வாசித்தவாறே மறுகையால் வடிகட்டியைத் திறக்கலாம். கண் திரையில் நிலைகொள்ளாமல் காது இசையில் நிலைகொள்கின்றது. இரண்டாவது பலம், அதன் எல்லை. நூறு ஒலிகள் மட்டுமே இருப்பின் அந்த நூறையும் ஒருவர் ஆழமாக அறிவார். மூன்றாவது, மின்சாரம் கொடுத்தவுடன் அது வாத்தியமாகவே விழித்தெழுகின்றது. புதுப்பித்தல் கேட்பதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை.

அதன் பலவீனங்களும் வெளிப்படையானவை. ஒரு பெட்டி ஓரிடத்தில் ஒரு வேலையையே செய்யும். அதே ஒலியில் இரண்டாவது தடம் தேவைப்படின், முதலாவதைப் பதிவு செய்து முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல முடியும். சென்ற மாதம் திருகுகள் எந்நிலையில் இருந்தன என்பதைப் பழைய கருவிகள் நினைவில் வைத்திருப்பதில்லை. கடற்கரையோர ஊர்களின் உப்புக் காற்றும் ஈரப்பதனும் தொடுபுள்ளிகளையும் திருகுகளையும் அரிக்கின்றன. பழுதுபார்ப்போர் அரிது, உதிரிப்பாகம் அதனிலும் அரிது.

மென்பொருளின் பலம் அதன் மலிவும் நினைவாற்றலுமாகும். ஒரே வாத்தியத்தைப் பத்துத் தடங்களில் ஒரே நேரத்தில் இயக்கலாம். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறந்தால் யாவும் விட்ட இடத்திலேயே இருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் பாடலைத் தமது குரலுக்கேற்ப அரைச்சுரம் இறக்கித் தரும்படி கேட்டால், சில நொடிகளில் அதனைச் செய்ய முடியும். திருமண மண்டபத்துக்கும் மேடை நாடகத்துக்கும் கால அவகாசமின்றி இசை வழங்க வேண்டியவர்களுக்கு இதன் பெறுமதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனினும் மென்பொருளின் நினைவாற்றலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது வாழும் வீடான கணினி மாறாதிருக்க வேண்டும். அப்பிள் நிறுவனம் 2019இல் வெளியிட்ட கேட்டலினா இயங்குதளம், 32 பிட் மென்பொருள்களை இயக்குவதை முற்றாக நிறுத்தியது. ஒரே இரவில் பல பழைய வாத்தியங்கள் மௌனமாகின. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபரில் முடிவடைந்தது. இதனிடையே, மென்பொருளை ஒரு தடவை விற்பதற்குப் பதிலாக மாதச் சந்தா அறவிடும் போக்கும் பரவி வருகின்றது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் என்ற நிறுவனம் சந்தா முறைக்கு மட்டுமே மாறுவதாக அறிவித்து, பாவனையாளரின் கடும் எதிர்ப்பினால் சில நாட்களிலேயே பின்வாங்கியது. சந்தா நின்றால் வாத்தியமும் நின்றுவிடும் என்பதை இளையோர் கவனத்திற்கொள்ள வேண்டும்.

மற்றொரு பலவீனம் அளவுக்கு மிஞ்சிய தெரிவு. ஆயிரக்கணக்கான ஒலிகள் திரையில் வரிசைகட்டி நிற்கும்போது, மாலை முழுவதும் ஒலிகளைக் கேட்டுக் கழித்துவிட்டு ஓர் அடியையேனும் இயற்றாமல் உறங்கச் செல்வோர் பலர். இலவசமாகக் கிடைத்தது என்பதற்காகச் சேர்த்தவை யாவும் நேரத்தை விலையாகக் கேட்கின்றன.

தாமதம் என்னும் சிக்கல்

மென்பொருள் வாத்தியத்தை வாசிக்கும் புதியவர்கள் அடிக்கடி முறையிடுவது தாமதம் பற்றியே. விசையை அழுத்திய சற்று நேரத்தின் பின்னரே ஒலி வருகின்றது என்பர். இதற்குக் காரணம், கணினி ஒலியைச் சிறு பொதிகளாகச் சேர்த்து அனுப்புவதாகும். ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில், 128 மாதிரிகள் கொண்ட பொதி ஏறத்தாழ 3 மில்லி செக்கன் தாமதத்தை உண்டாக்கும். 512 மாதிரிகளாயின் ஏறத்தாழ 12 மில்லி செக்கன். 1,024 ஆயின் 23 மில்லி செக்கன். ஒலி காற்றில் ஒரு மீற்றர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி செக்கன் எடுக்கும். ஆகவே 3 மில்லி செக்கன் என்பது, ஒலிபெருக்கி ஒரு மீற்றர் தள்ளி இருப்பதற்குச் சமம். அதனை எவரும் உணரார். 23 மில்லி செக்கனோ, ஏழெட்டு மீற்றர் தூரத்திலிருந்து கேட்பதைப் போன்றது, தாளம் பிசகும்.

இதற்கான தீர்வு இலகுவானது. வாசித்துப் பதிவு செய்யும்போது பொதியின் அளவைக் குறைத்து வைக்க வேண்டும். பதிவுகள் முடிந்து கலவை செய்யும்போது, கணினி திணறாதிருக்க அதனைக் கூட்டிக்கொள்ளலாம். இதனை அறியாமல், கணினி பழுதென்று எண்ணிப் புதிய கணினிக்கும், மென்பொருள் மோசமென்று எண்ணிப் புதிய சிந்தசைசருக்கும் பணம் செலவிட்டோர் உளர்.

எமது இசைக்கு எது பொருந்தும்?

மேற்கத்திய விசைப்பலகை, ஒரு சுரவரிசையைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கின்றது. கர்நாடக இசையின் உயிராகிய கமகமோ சுரங்களுக்கிடையில் அசைந்து செல்வது. அரபு இசையின் மகாம் முறையிலோ அரைச்சுரத்துக்கும் குறைவான இடைவெளிகள் உண்டு. ஆகவே எமது வாசகர்களுள் இசையமைப்போருக்கு இது தனிக் கவனத்துக்குரியது.

வன்பொருள் விசைப்பலகைகளின் இடப்புறத்தில் உள்ள சுருதி வளைக்கும் சில்லே கமகத்துக்கான பழைய வழி. மிடியில் இச்சில்லின் அசைவு 16,384 படிகளாகப் பதியப்படுவதால், வழுக்கல் மென்மையாகவே அமையும். ஆனால் ஒரே அலைவரிசையில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் ஒன்றாகவே வளையும் என்பது அதன் குறை. 2018இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட எம்.பி.ஈ. எனும் விரிவாக்கம், ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடமளிக்கின்றது. மகாம் இசைக்கோ, மத்திய கிழக்குச் சந்தைக்கெனத் தயாரிக்கப்படும் விசைப்பலகைகளில் குறிப்பிட்ட சுரத்தைக் கால்பங்கு இறக்கும் பொத்தான்கள் உள்ளன. மென்பொருள்கள் பலவற்றில் சுரவரிசையையே விரும்பியவாறு மாற்றியமைக்கலாம்.

வாத்தியக் கருவிகளைத் தவிர்த்துக் குரலாலும் றபானாலும் மட்டுமே கீதம் அமைப்போரும் எம்மிடையே உள்ளனர். அவர்களுக்குச் சிந்தசைசர் பற்றிய கேள்வியே எழாது. நல்ல ஒலிவாங்கியும் எதிரொலி அடங்கிய அறையுமே அவர்களது முழுத் தேவை. இரவல் ஆசைக்கு ஆட்பட்டு வேறெதிலும் பணத்தை முடக்க வேண்டியதில்லை.

சமநிலையை எவ்வாறு காண்பது?

இறக்குமதிப் பொருள்களை நம்பியுள்ள இந்நாட்டில், விலை என்பது டொலரின் நிழல். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. சிறுகச் சிறுகச் சேமித்தோரின் கனவுகள் அந்த ஓரிரு மாதங்களில் பாதியாகச் சுருங்கின. ஆகவே வரிசைக் கிரமம் இங்கு மிக முக்கியமானது.

முதலில் செலவிட வேண்டியது கேட்பதற்கும் பிடிப்பதற்குமான கருவிகளில். நல்ல ஒலிவாங்கி, ஒலியைக் கணினிக்குள் செலுத்தும் ஓடியோ இன்டர்பேஸ், நம்பத்தகுந்த தலையணி ஒலிபெருக்கி ஆகியன எந்த இசைக்கும் பயன்படும், இலகுவில் காலாவதியாவதில்லை. அறையின் சுவர்களில் தடித்த துணியும், மூலையில் பஞ்சு மெத்தையும் புத்தக அலுமாரியும் இருப்பின், விலையுயர்ந்த கருவி செய்யாத நன்மையை அவை செய்யும்.

இரண்டாவதாக, ஒலியற்ற சாதாரண மிடி விசைப்பலகை ஒன்றும், ஒரு பதிவு மென்பொருளும் போதுமானவை. ரீப்பர் போன்ற மென்பொருள்களின் தனிநபர் உரிமம் 60 டொலருக்குக் கிடைக்கின்றது. சேர்ஜ், வைட்டல் போன்ற தரமான மென்பொருள் சிந்தசைசர்களை இலவசமாகவே பெறலாம். களவாக உடைக்கப்பட்ட மென்பொருளைத் தேடிச் செல்ல இன்று நியாயமான காரணம் ஏதுமில்லை. வைரஸுடன் வரும் அத்தகைய கோப்புகள் கணினியையும் பாடலையும் ஒருங்கே அழித்துவிடக் கூடும்.

குறைந்தது ஒரு வருடம் இவ்வாறு உழைத்த பின்னரே வன்பொருளைப் பற்றிச் சிந்திப்பது உசிதம். அதற்குள் ஒருவர் எந்த ஒலியை அடிக்கடி நாடுகின்றார் என்பது அவருக்கே புலப்பட்டுவிடும். அடியொலிக்கே திரும்பத் திரும்பச் செல்கிறாரா, நெடிய தந்திவாத்திய ஒலிகளுக்குச் செல்கிறாரா என்பதைப் பார்த்து, அந்த ஒரு வேலையைச் சிறப்பாகச் செய்யும் ஒரே ஒரு கருவியை வாங்கலாம். மேடையில் வாசிப்பவராயின் இவ்வரிசையை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. நடுமேடையில் கணினி உறைந்து நிற்கும் அவலத்தைவிட, தன்னந்தனியே ஒலிக்கும் விசைப்பலகை எவ்வளவோ மேல்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு அமுலானதை எவரும் மறந்திருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் நாடு முழுவதும் திடீரென இருளில் மூழ்கியது. மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினி அவ்வேளையிலும் கோப்பைக் காப்பாற்றும். மேசைக் கணினி வைத்திருப்போர், யூ.பி.எஸ். கருவியைச் சிந்தசைசருக்கு முன்னதாகவே வாங்க வேண்டும்.

இறுதியில் எஞ்சுவது

அனைத்திலும் முக்கியமான விதி ஒன்றுண்டு. ஒரு பாடல் நிறைவடைந்ததும், அதிலுள்ள ஒவ்வொரு தடத்தையும், அது வன்பொருளில் பிறந்ததாயினும் மென்பொருளில் பிறந்ததாயினும், சாதாரண வேவ் ஒலிக்கோப்பாக மாற்றித் தனித்தனியே சேமித்துவிட வேண்டும். 24 பிட் தரத்தில் ஒரு தனித்தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 மெகாபைட் இடத்தையே எடுக்கும். 20 தடங்கள் கொண்ட 4 நிமிடப் பாடல் ஒன்றுக்கு 640 மெகாபைட் அளவில் போதுமானது. அதனை இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில், முடிந்தால் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்திருப்பது நன்று. நிறுவனம் மூடப்பட்டாலும், சந்தா நின்றாலும், இயங்குதளம் மாறினாலும் ஒலிக்கோப்பு திறக்கும். அதேபோல, பழைய சிந்தசைசரில் உருவாக்கிய ஒலிகளை மிடிக் கம்பி வழியாகக் கணினிக்கு அனுப்பிச் சேமிக்கும் வசதி 1980களின் கருவிகள் பலவற்றிலும் உண்டு. வன்பொருளின் ஞாபக மறதிக்குக் கணினி மருந்து. கணினியின் காலாவதிக்கு ஒலிக்கோப்பு மருந்து.

அந்தக் காத்தான்குடி இளைஞரின் கதைக்குத் திரும்புவோம். அவரது வாப்பாவின் குரல் ஏன் எஞ்சியது? அது மட்டுமே ஒலியாகப் பதிவாகியிருந்தது. ஏனையவை வெறும் குறிப்புகளாகவே இருந்தன. அக்குறிப்புகளும் முற்றாக வீண்போகவில்லை. மட்டக்களப்பு நண்பர் ஒருவாறாகப் புதிய மின்கலம் பொருத்திய தமது சிந்தசைசரை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு காத்தான்குடி சென்றார். கோப்பில் இருந்த மிடிக் குறிப்புகளை அதற்கு அனுப்பி, புதிய ஒலிகளில் ஒவ்வொரு தடமாக இருவரும் மீண்டும் பதிவு செய்தனர். அதற்கு மூன்று இரவுகள் பிடித்தன. பழைய பின்னணி இசை திரும்பி வரவில்லை, வேறொன்று வந்தது. இரு வன்தட்டுகளில் அப்பாடல் இப்போது இருக்கின்றது; ஒன்று மட்டக்களப்பில், மற்றையது காத்தான்குடியில்.

தாயாரின் சங்கிலி மட்டும் இன்னமும் அடகிலிருந்து மீட்கப்படவில்லை. கருவி வாங்கக் கிளம்பும் ஒவ்வோர் இளைஞரும், அவர்களுக்குப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு பெற்றோரும் இதனையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாயின், வன்பொருளா மென்பொருளா என்ற கேள்விக்கான விடையைத் தம் வீட்டின் நிலைக்கேற்பத் தாமே கண்டுகொள்வர்.